பாலைவனத்தில் படுக்க இடம் தேடியது

என் தங்கச்சி வசந்தி,

நீ இப்போது இருக்கும் இடத்தில் குளிர் இல்லை, முதுகு நோவு இல்லை, விடியற்காலை ஷிஃப்ட் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். சங்கத்து மலரில் போட உன் நினைவாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிழை திருத்த ஆள் இருக்கிறதாம். அதனால் உன்னோடு கதைக்கிற மாதிரியே எழுதுகிறேன். மற்றவர்களும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

முதலில் நீ கேட்கப்போகிற செய்தி. உன் மகள் அனுவும் உன் வீட்டுக்காரர் ரவி தம்பியும் போன வெள்ளிக்கிழமை கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். தம்பியால் வேலையையும் பிள்ளையையும் தனியாகப் பார்க்க முடியவில்லை. கொஞ்சக் காலம் தன் அம்மாவோடு இருந்துவிட்டு வருவதாகச் சொல்கிறார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கும் தெரியாது.

போவதற்கு முன் உன் மகள் ஒன்றே ஒன்று கேட்டாள். நீ கூட்டிப் போவதாகச் சொன்ன பாலைவனத்தில், ஒரு இரவு, கூடாரத்தில் படுக்க வேண்டும். ஜனவரிக் கடைசியில் ஆக்லாந்து நகர நாளுக்கு விடுகிற நீண்ட விடுமுறையை விட்டால் அதற்கு வேறு நாள் இருக்கவில்லை. நான் கூட்டிப் போனேன், வசந்தி. நான்தான்.

இதை வாசிக்கிறவர்களுக்கு அதில் என்ன பெரிய விஷயம் என்று விளங்காது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நாங்கள் கூடப்பிறந்தவர்கள் இல்லை; முதியோர் இல்லத்துச் சமையலறையில் நான் பாத்திரம் கழுவுகிறவள், நீ தட்டுகளில் சாப்பாடு வைக்கிறவள். ஒரு நாள் நீ கஸ்டர்டைக் கிண்டிக்கொண்டே, “அக்கா, டெசர்ட் ரோடுன்னு ஒண்ணு இருக்காம். லீவுல போலாமா?” என்றாய். எனக்கு டெசர்ட் என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிற புடிங்தான்.

“புடிங் விக்கிற ரோட்டுக்கு ஏன் போவான்? இஞ்ச கிடக்கிறதையே ஒருத்தரும் தின்னுறாங்கள் இல்லை.”

நீ கரண்டியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கஸ்டர்ட் அடிப்பிடித்தது. “பாலைவனம்க்கா, பாலைவனம். இங்கயிருந்து தெக்க போனா நேஷனல் பார்க் ஒண்ணு இருக்கு. மூணு எரிமலை, பக்கத்துல வெறும் மணலும் கல்லும். வேற ஒண்ணுமே கிடையாது.”

“ஒண்டும் இல்லாத இடத்தைப் பாக்கப் பெற்றோல் அடிச்சுப் போறதோ?”

“அங்க கேம்ப் போடலாம்க்கா. டென்ட்ல தூங்கலாம்.”

கோயம்புத்தூர்க்காரர் நீங்கள் கேம்ப் என்பதை மன்னார்க்காரர் நாங்கள் காம்ப் என்போம். எங்களுக்குத் தெரிந்த காம்ப் இரண்டுதான். ஒன்று ஆமிக் காம்ப், மற்றது அகதிக் காம்ப். என் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

“காம்பை விட்டு வெளிக்கிடத்தானே நான் இவ்வளவு பாடுபட்டனான். இப்ப லீவு எடுத்துத் திரும்ப அதுக்குள்ள போகச் சொல்லுறியோ?”

அடிப்பிடித்த சட்டியை என்னிடம் தராமல் அன்றைக்கு நீயே கழுவினாய். அடுத்த நாள் தேத்தண்ணிக்கு இருக்கும்போது மெதுவாகக் கேட்டாய். “அக்கா, கோவப்படாதீங்க. வாழ்க்கையில ஒரு தடவைகூட வெட்டவெளியில சந்தோஷமாத் தூங்கினதே இல்லையா?”

அப்போதுதான் உனக்கு மடுவைப் பற்றிச் சொன்னேன். ஆவணித் திருவிழாவுக்கு மன்னாரில் இருந்து குடும்பம் குடும்பமாக மடு மாதா கோயிலுக்குப் போவோம். கோயிலைச் சுற்றிக் காடு. இரண்டு மரத்துக்கு நடுவில் கயிறு கட்டிச் சேலையைத் தொங்கவிட்டால் அது வீடு. அடுத்த சேலைக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, ஆனால் அவர்களுடைய மீன்குழம்பு எங்களுக்கு வரும். பிறகு அதே காட்டில், அதே மரங்களுக்குக் கீழே, சண்டைக்குப் பயந்து வந்து இருந்தோம். அப்போதும் கூடாரம்தான். வீட்டுக்குத் திரும்புகிற நாள் எது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

நீ பிஸ்கட்டைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டாய். முடிவில், “அப்போ நாம முதல் மடுவுக்குப் போலாம்க்கா. ரெண்டாவது மடு வேண்டாம்,” என்றாய்.

அந்தச் சொல்லுக்குத்தான் நான் ஓம் என்றேன்.

பிறகு உனக்கு அந்த வருத்தம், அந்த நோய், வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு வரைபடத்தை விரித்து அனுவோடு இடம் தேடுவாய். இந்த ஆற்றங்கரை, அந்த மலையடிவாரம் என்று பென்சிலால் வட்டம் போடுவாய். நேர்ஸ் வந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தபோது, “பாருங்கக்கா, டென்ட் போட்டுட்டாங்க. பணம் கட்டாமலே கேம்ப்பிங்,” என்றாய். நான் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது. நீ எதற்காக அப்படிச் சொன்னாய், எனக்காகவா, அனுவுக்காகவா?

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

ரவி தம்பிக்கு விருப்பம் இல்லை. “அக்கா, நான் மோட்டல் புக் பண்ணித் தரேன். கட்டில்ல படுத்துக்கிட்டு ஜன்னல் வழியா பாலைவனத்தைப் பாருங்க. உங்க முட்டிக்கும் நல்லது,” என்றார். “கட்டில் எல்லா ஊரிலயும் கிடக்குது தம்பி,” என்று சொல்லிவிட்டு நீ வாங்கி வைத்திருந்த கூடாரத்தை என் பழைய காரில் ஏற்றினேன். ஆக்லாந்து ஹில்ஸ்பரோவில் இருந்து விடியப் புறப்பட்டோம். நான் ஓட்டினேன், அனு பக்கத்தில் இருந்து பலகைகளை வாசித்தாள். உன் வட்டங்கள் போட்ட வரைபடம் அவள் மடியில் இருந்தது.

மலையடிவாரத்தில் இருந்ததுதான் உன் முதல் வட்டம். அங்கே இடம் நிறைந்துவிட்டது. வாசலில் இருந்த மனிதர் அரைக் காற்சட்டையோடு வந்து, கையை விரித்து, ஏதோ நீளமாகச் சொன்னார். “கிறிஸ்மஸுக்கு முன்னாடியே எல்லாரும் புக் பண்ணிட்டாங்களாம்,” என்றாள் அனு. எங்களுக்குப் புக் பண்ண வேண்டும் என்றே தெரியாது. மடுவில் யார் புக் பண்ணினது?

அடுத்த வட்டம் காட்டுக்குள், ஓடைக்கரையில். அங்கேயும் கூடாரத்துக்குக் கூடாரம் கயிறு முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் ஒரு பெரிய குடும்பத்துக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் வண்டியைப் பின்னால் எடுத்து இடம் விட்டார். அவருடைய மனைவி இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தவர், வா என்று இடுக்கியாலேயே கூப்பிட்டார். தண்ணீர் இருந்தது, கழிப்பறை இருந்தது, நல்ல மனிதர்கள் இருந்தார்கள். எனக்கு அங்கேயே நின்றுவிட ஆசை.

“இறங்கு பிள்ளை. இது காணும், இஞ்சயே படுப்பம்.”

அனு இறங்கவில்லை. “இது ஃபாரஸ்ட். அம்மா டெசர்ட்னுதான் சொன்னாங்க.”

“பக்கத்திலதானே டெசர்ட். நாளைக்குப் போய்ப் பாப்பம்.”

அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழவில்லை. வரைபடத்தை மடிப்பு மாறாமல் மடித்துப் பைக்குள் வைத்தாள். நீயும் கடைசியாக ஆஸ்பத்திரியில் அப்படித்தான் மடித்து வைத்தாய், இனி வேண்டாம் என்கிற மாதிரி. நான் அந்த மனிதருக்குத் தேங்க்யூ சொல்லிவிட்டுக் காரைத் திருப்பினேன்.

மலையைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் வந்தால் அந்த டெசர்ட் ரோடு வருகிறது. வசந்தி, நீ சொன்னது சரி. ஒன்றுமே இல்லை. மண்ணிறத்தில் விறைத்த புல், பிறகு அதுவும் இல்லாமல் கல்லும் சாம்பல் மணலும். நடுவில் அந்த மலை, தலையில் கொஞ்சம் பனியோடு. முந்தி டீவியில் புகை கக்கியது என்று பார்த்தோமே, அதே மலை, இப்போது ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறது. காற்று காரைப் பிடித்துத் தள்ளியது. அனு கண்ணாடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினாள். ஏசவேண்டும் என்று தோன்றவில்லை.

இடது கைப் பக்கம் ஒரு கல் ரோடு பிரிந்தது. அதற்குள் கொஞ்சத் தூரம் ஓட்டினேன். ஒரு பலகை வந்தது, சிவப்பு எழுத்தில். எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பலகையை வாசிக்கத் தெரியும்; ஊரில் மிதிவெடி புதைத்த காணிகளில் நட்டிருந்ததும் அதே சிவப்புத்தான். கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

“ஆர்மி இடமாம் ஆன்ட்டி. வெடிக்காத ஷெல் எல்லாம் இருக்கலாமாம். உள்ள போகக் கூடாதாம்,” என்று அனு வாசித்தாள். பிறகு, “கூல்,” என்றாள்.

நான் காரைத் திருப்பவில்லை. பின்னாலேயே எடுத்தேன், கார்ச் சில்லு பதிந்த தடத்திலேயே, கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

“ஏன் ஆன்ட்டி ரிவர்ஸ்லயே போறீங்க? அங்க திருப்பலாமே, இடம் இருக்கே.”

“வந்த வழியாலதான் போகோணும்.”

“ஏன்?”

உன் மகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஏன் இருக்கிறது. பெரிய ரோட்டுக்கு வந்து காரை நிறுத்தியபோது என் கை ஸ்டியரிங்கை விடவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தாள்.

ரோட்டுக்கு மற்றப் பக்கம், மலைப் பக்கம், பார்க்குக்குச் சொந்தமானது. அங்கே கார் விடுகிற இடத்தில் பச்சைச் சட்டை போட்ட பார்க் உத்தியோகத்துப் பெண் ஒருத்தி குப்பை பொறுக்கிக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து, முப்பது வயசு இருக்கும். அனு போய்க் கேட்டாள், நான் பின்னால் நின்றேன்.

“ரோடு பக்கத்துல டென்ட் போடக் கூடாதாம். ஆனா அந்தப் பாதையில நடந்து போய், பாதையை விட்டு நல்லாத் தள்ளிப் போனா போடலாமாம். நெருப்பு கூடாது. காத்து ரொம்ப அடிச்சா உடனே காருக்கு வந்துடணுமாம்.”

“எவ்வளவு தூரம் நடக்கிறது?”

“அவங்களுக்கு அரை மணி நேரமாம்.” அனு என் முழங்காலைப் பார்த்தாள். “நமக்கு எவ்வளவுன்னு தெரியலை.”

“இன்னும் ஒண்டு கேள். இந்தப் பக்கத்து மண்ணுக்குள்ள ஒண்டும் இல்லைத்தானே?”

“மண்ணுக்குள்ள என்ன இருக்கும்?”

“நீ கேள்.”

அனு கேட்டாள். அந்தப் பெண் யோசித்தாள். குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்குக் கிட்டே வந்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, மண்ணைக் காட்டி நீளமாகச் சொன்னாள். கால் வைக்கிற இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும் என்று கையாலும் செய்து காட்டினாள்.

“இருக்காம் ஆன்ட்டி.”

நான் அனுவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “என்ன இருக்காம்?”

“குட்டிக் குட்டிச் செடி. தரையோட தரையா இருக்குமாம், கண்ணுக்கே தெரியாது. மிதிச்சா செத்துடுமாம். திரும்ப வளர ரொம்ப வருஷம் ஆகுமாம்.”

நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் விளங்கியிராது. செடி மேல் இவ்வளவு அன்பான கிழவியா என்று நினைத்திருப்பாள். உலகத்தில் இப்படியும் ஒரு இடம் இருக்கிறது, வசந்தி. காலைப் பார்த்து வை என்கிறார்கள், காலுக்காக இல்லை, செடிக்காக.

கூடாரம், பாய், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் எப்படிக் கொண்டு போவது? முதுகில் போடுகிற பெரிய பை எங்களிடம் இல்லை. நான் கட்டில் விரிப்பை நிலத்தில் போட்டு, எல்லாவற்றையும் நடுவில் அடுக்கி, நாலு மூலையையும் இழுத்து முடிந்தேன். துவாயைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து மூட்டையைத் தூக்கினேன். அந்த வேலை என் கைக்கு மறக்கவில்லை. ஷெல்லுக்குப் பயந்து எத்தனை தரம் அப்படி நடந்திருக்கிறேன். ஆனால் திரும்பி வரும் நாள் தெரிந்துகொண்டு அப்படி நடந்தது அதுதான் முதல் தரம்.

எதிரே பெரிய சப்பாத்துப் போட்டு, கம்பு ஊன்றி வந்த இரண்டு வெள்ளைக்காரர் நின்று பார்த்தார்கள். அனுவுக்கு வெட்கம். கொஞ்ச நேரம் என்னைத் தெரியாதவள் மாதிரி முன்னால் நடந்தாள். பிறகு அவளே திரும்பி வந்து, “எனக்கும் ஒண்ணு வெச்சு விடுங்க,” என்றாள். தலையணையை வைத்துவிட்டேன். பத்து அடிக்கு ஒரு தரம் விழுந்தது.

பாதையை விட்டு இறங்கும்போது, “என்ர கால் வைச்ச இடத்திலதான் நீ கால் வைக்கோணும்,” என்றேன்.

“செடிக்காகவா?”

“ஓம், செடிக்காக.”

அவள் என் காலடிக்குள் காலடி வைத்து வந்தாள். என் சப்பாத்துத் தடம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. நான் அந்தப் பெண் சொன்னதை நம்பினேன். நம்பினாலும் அப்படித்தான் நடந்தேன்.

ஒரு மேட்டுக்குப் பின்னால், காற்று கொஞ்சம் குறைந்த இடத்தில், செடி இல்லாத சமமான கல் தரை கிடைத்தது. கூடாரத்து முளைகள் அந்த மண்ணில் நிற்கவில்லை. அடித்தோம், காற்று பிடுங்கியது, திரும்ப அடித்தோம். கடைசியில் கல் தேடிப் பொறுக்கி ஒவ்வொரு கயிற்றுக்கும் பாரம் வைத்தேன். பொழுது சாய்ந்தபோது புட்டும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். உன் மகள் கண்ணில் தண்ணீர் வர வர இன்னும் சம்பல் கேட்டாள். மலை முதலில் சிவந்து, பிறகு ஊதாவாகி, பிறகு வெறும் கறுப்பாக நின்றது. “அம்மா வரைஞ்சு காட்டினது மாதிரியேதான் இருக்கு,” என்றாள். நீ வரைந்தாயா? எனக்குக் காட்டவில்லையே.

அதுவரைக்கும் எல்லாம் சரி. உள்ளே போய்ப் படுக்க வேண்டுமே. அவளைப் படுக்கவைத்துவிட்டு வெளியில் போர்வையோடு இருந்துவிடலாம் என்றுதான் மனதுக்குள் வைத்திருந்தேன். துணி காற்றில் படபட என்று அடிக்கிற அந்தச் சத்தத்தை, காம்பில் இரவிரவாகக் கேட்ட அதே சத்தத்தை, உள்ளே இருந்து கேட்க என்னால் முடியுமா என்று எனக்கே தெரியாது. நான் வாசலில் குந்தியிருந்தேன்.

“ஆன்ட்டி, ஸிப்பைப் போட வேண்டாம். ஆஸ்பத்திரில திரையை மூடினா அம்மா திறக்கச் சொல்வாங்க.”

“குளிருமே.”

“பரவால்ல. நீங்களும் தலையை இந்தப் பக்கம் வெச்சுப் படுங்க.”

இரண்டு பேரும் தலையை வாசலில் வைத்து, காலை உள்ளே நீட்டிப் படுத்தோம். அவள் கையை என் போர்வைக்குள் விட்டாள், குளிருக்கு. துணி அடித்துக்கொண்டே இருந்தது. அதை எண்ணிக்கொண்டு விழித்திருப்பேன் என்று நினைத்தேன். விடிந்த பிறகுதான் முழித்தேன், வசந்தி. முகத்தில் வெயில் விழுந்தது. அனு எனக்கு முன்னமே எழும்பிக் கல் மேல் இருந்தாள்.

“அம்மாவுக்கு இந்த இடம் பிடிச்சிருக்குமா?”

“முதல்ல டொய்லட் எங்கையெண்டு கேட்டிருப்பா.”

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். நீ போன பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை. செத்தவீட்டில்கூட வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு திரிந்தாள், நினைவிருக்கிறதா, உனக்கு எப்படி நினைவிருக்கும். நான் தேற்றவில்லை. அங்கே ஒருவரும் இல்லை, எவ்வளவு சத்தமாகவும் அழலாம். அழுது முடியும் வரை பக்கத்தில் இருந்தேன்.

கூடாரத்தைப் பிரித்த பிறகு கற்களை எடுத்த எடுத்த இடத்தில் திரும்ப வைத்தோம். இருந்தது மாதிரியே விட்டுப் போக வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். வைத்து முடித்ததும் நாங்கள் படுத்த இடம் எது என்று எங்களுக்கே தெரியவில்லை.

“அடையாளம் ஒண்ணும் இல்லாம நான் திரும்பி வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டாள் உன் மகள். “எப்போ வருவேன்னு அப்பாவுக்கே தெரியலை.”

ஊரில் எத்தனையோ பேர் என்னிடம் இப்படிக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். போன இடத்தில் இருந்து ஒருவரும் வரவில்லை, அவர்கள் விட்டுப்போன இடமும் இப்போது இல்லை. அதனால் இலேசான பதில் ஒன்றை அவளுக்குக் கொடுக்க நான் விரும்பவில்லை. மலையைப் பார்த்தேன். பிறகு, “நீ வா. இடத்தை நான் பாத்து வைப்பன்,” என்றேன்.

அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், வசந்தி. இனி ஒவ்வொரு கோடைக்கும் அங்கே போவேன். முழங்கால் விடாவிட்டால் கார் விடுகிற இடம் வரைக்குமாவது போவேன். எங்கே படுக்கலாம், எங்கே கூடாது, எந்தப் பக்கம் காற்று, எங்கே தண்ணீர், புக் பண்ணுவது எப்படி என்று எல்லாவற்றையும் அந்தப் பச்சைச் சட்டைப் பெண்ணிடம் நானே கேட்டுப் பழகுவேன். அனு எந்த வயதில் வந்து இறங்கினாலும் சரி, இந்த நாட்டில் எங்கே தலை சாய்ப்பது என்று உன் பிள்ளையைத் தேடித் திரிய விடமாட்டேன்.

உன் அக்கா,
அனுவுக்குப் பெரியம்மா,
பிலோமினா